கூலியாளில் இருந்த ஆள் எங்கே?

பாடநூல் எழுதுவோருக்கும், அகராதி தொகுப்போருக்கும், அரச படிவங்களைத் தமிழாக்குவோருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். என் அம்மா கொழுந்து பறித்தவர். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். இருவரும் இப்போது இல்லை. அவர்கள் இருந்திருந்தால் இந்த மடலை அனுப்பும் முன் ஒருமுறை வாசித்துக் காட்டியிருப்பேன். ஏனென்றால் இது அவர்களுக்கு மற்றவர்கள் வைத்த 'கூலி' என்ற பெயரைப் பற்றியது.

போன தவணையில் ஒரு நாள் தரம் பத்துக்குத் திருக்குறள் நடத்திக்கொண்டிருந்தேன். நல்ல மழை. தகரக் கூரைச் சத்தத்துக்கு மேலே உரத்துப் பேச வேண்டியிருந்தது. 'ஆள்வினையுடைமை' அதிகாரம். 619ஆம் குறளைப் பலகையில் எழுதினேன்.

தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன்
மெய்வருத்தக் கூலி தரும்.

இரண்டாம் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கையில் ஒரு கைநூலை வைத்திருந்தாள். டவுன் கடைகளில் விற்பார்களே, அரும்பத விளக்கம், மாதிரி வினா எல்லாம் போட்டு, அப்படி ஒன்று. அதன் பின்பக்கத்துச் சொற்பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினாள். "டீச்சர், இதுல கூலின்னா சுமை தூக்குறவன், கீழ்நிலை வேலையாள்னு போட்டிருக்கு. அப்படின்னா முயற்சி செஞ்சா நமக்கு ஒரு ஆளையா தரும்?"

நான் பதில் சொல்லும் முன்னே பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது. "எங்கம்மாவ தரும்."

வகுப்பு சிரித்தது. அப்புறம் சிரிப்பு தானாகவே அடங்கிப் போனது. அந்த வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகளின் அம்மா அந்த நேரத்தில் இடுப்பில் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு, அதே மழையில், எங்கள் ஜன்னலுக்கு எதிரே தெரிந்த மலையில்தான் நின்றார்கள்.

அந்தக் கைநூலை எழுதியவர் யார் என்பதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. அவர் கெட்ட எண்ணத்தில் எழுதியிருக்க மாட்டார். எங்கோ ஓர் ஆங்கில அகராதியைப் பார்த்திருப்பார், அதிலிருந்ததைத் தமிழில் இறக்கியிருப்பார். என் மனக்குறையே அதுதான். நம் வீட்டில் பிறந்த சொல் ஒன்று கடல் கடந்து போய், அடிபட்டு, அழுக்காகித் திரும்பி வந்திருக்கிறது. வாசலில் நின்ற நாமோ அதன் பழைய முகத்தை மறந்துவிட்டு, ஊரார் சொன்ன அடையாளத்தையே எழுதிக்கொண்டோம்.

அந்தப் பழைய முகத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

கூலி என்றால் உழைப்புக்குக் கிடைப்பது. அவ்வளவுதான். தமிழில் மட்டுமல்ல, மலையாளம், கன்னடம், தெலுங்கு, துளு எல்லாவற்றிலும் இந்தச் சொல் உண்டு. தானியத்தைக் குறிக்கும் 'கூலம்' என்ற சொல்லோடு இதை இணைத்துப் பார்க்கும் சொல்லாய்வாளர்களும் இருக்கிறார்கள். உழைத்தவனுக்கு நெல்லாகவும் வரகாகவும் அளந்து கொடுத்த காலம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது என்பது அவர்கள் கருத்து. வள்ளுவர் அதை எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். தெய்வத்துக்கு நேர் எதிரே. தெய்வமே கைவிட்டாலும், உடம்பு நொந்ததற்குரிய கூலியை முயற்சி கொடுத்தே தீரும் என்கிறார். மெய் வருத்தம் என்றால் என்ன என்று எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை. நெற்றியில் கூடைக்கயிறு பதிந்த தடமும் காலில் அட்டை கடித்த புண்ணும் அவர்கள் தினமும் பார்ப்பவை.

சைவ வீட்டுப் பிள்ளைகளுக்கு வந்தியின் கதை தெரியும். வைகை பெருகியபோது கரையடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட, பிட்டு விற்ற கிழவிக்கு ஆள் இல்லை. சிவபெருமானே கூடையும் மண்வெட்டியுமாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டு மண் சுமந்தார். வேலையில் சுணங்கினார் என்று அரசன் பிரம்பால் அடித்த அடி எல்லார் முதுகிலும் விழுந்தது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம், அந்தக் கடைசி இடத்தில் கிழவிமார் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். கடவுள் கூலியாளாக வந்தது ஒரு குறைவாக அந்தக் கதையில் எங்குமே இல்லை.

கிறிஸ்தவப் பிள்ளைகளின் தமிழ் வேதாகமத்தில் "வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரனாயிருக்கிறான்" என்று லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் வருகிறது. முஸ்லிம் வீடுகளிலோ இந்தச் சொல் இன்னும் உயரத்தில் இருக்கிறது. யாராவது ஓர் உதவி செய்தால், "அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தருவானாக" என்று வாழ்த்துவார்கள். மறுமையில் இறைவன் கொடுப்பதற்கும் கூலி என்றுதான் பெயர். மூன்று சமயத்தாரும் இறைவனுக்குப் பக்கத்தில் வைத்துப் பேசிய ஒரு சொல்லை 'கீழ்நிலை வேலையாள்' என்று எப்படி எழுத முடிந்தது?

சரி, அது வெளியே போன கதைக்கு வருகிறேன்.

16, 17ஆம் நூற்றாண்டுகளில் இந்தியக் கடற்கரைக்கு வந்த ஐரோப்பியரின் எழுத்துகளில் இந்தச் சொல் தலைகாட்டத் தொடங்குகிறது. எங்கிருந்து எடுத்தார்கள் என்பதில் அறிஞரிடையே ஒரே முடிவு இல்லை. குஜராத்திலும் மராட்டியக் கரையிலும் வாழும் கோலி என்ற சமூகத்தின் பெயரிலிருந்து வந்தது என்பது ஒரு கருத்து. நம்முடைய கூலியிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. மேற்குக் கரையில் கிடைத்த பெயரும் கிழக்குக் கரையில் கிடைத்த சொல்லும் ஒலியால் நெருங்கி ஒன்றாகிப் போயிருக்கலாம் என்று சொல்வோரும் உண்டு. 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி முதல் இந்த விவாதம் நடந்துகொண்டே இருக்கிறது. பிள்ளைகளுக்கு இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம். எல்லாம் நம்மிடமிருந்தே போனது என்று மார்தட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை.

ஒலியில் நெருங்கிய வேறொரு சொல்லும் உண்டு. துருக்கி மொழியில் 'குல்' என்றால் அடிமை, அடியவன். ஹைதராபாத் நகரை 1591இல் நிறுவிய மன்னரின் பெயர் முகம்மது குலி குதுப்ஷா. அந்தக் 'குலி' இந்தத் துருக்கிச் சொல்தான். நம்மவர்கள் தாசன், அடியான் என்று பெயர் வைத்துக்கொள்வது போல, ஓர் அரசன் பெருமையோடு தாங்கிய சொல் அது. இந்தியில் குலி என்றாலோ ரயில் நிலையத்தில் சிவப்புச் சட்டை போட்டுப் பெட்டி தூக்குபவர். 2016 ரயில்வே வரவுசெலவுத் திட்டத்தில் இந்திய அரசு அவர்களுக்கு 'சஹாயக்', அதாவது உதவியாளர், என்று பெயர் மாற்றியது.

சீனத்துக்குப் போனபோது இந்தச் சொல்லுக்கு நேர்ந்தது என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்தி வைக்கிறது. சீன மொழியில் வேற்றுச் சொல்லை எழுத வேண்டுமானால், ஒலிக்குப் பொருந்துகிற எழுத்துகளைத் தேட வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் தனிப் பொருளும் இருக்கும். இந்தச் சொல்லுக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தவை இரண்டு. 'கு' என்றால் கசப்பு, துன்பம். 'லி' என்றால் பலம். கசப்பான பலம். 1847 முதல் கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்கும், அதையடுத்து பெருவுக்கும் சீனர்கள் கப்பல் கப்பலாகக் கொண்டுபோகப்பட்டார்கள். போனவர்களின் உடம்பிலிருந்து எடுக்கப்பட்டது என்னவென்று அந்த இரண்டு எழுத்துகளே சொல்லிவிடுகின்றன. நம் வள்ளுவர் சொன்ன மெய்வருத்தத்துக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள். அதிகம் இல்லை. வள்ளுவர் மெய்வருத்தத்துக்குப் பக்கத்தில் கூலி தரும் என்று எழுதினார். சீன எழுத்துகளில் வருத்தமும் பலமும் இருக்கின்றன, தருவது மட்டும் இல்லை.

டச்சுக்காரர் இதை 'கூலி' என்றே உச்சரித்தார்கள். சுமாத்திராவின் டெலி புகையிலைத் தோட்டங்களில் வேலையை விட்டு ஓடுபவரைச் சிறையில் போட வழிசெய்த 1880ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரே 'கூலிச் சட்டம்'. சீனரும் ஜாவாக்காரரும் உழைத்த அந்தத் தோட்டங்களில் தமிழரும் இருந்தார்கள். இன்றும் இந்தோனேசியாவில் கட்டட வேலை செய்பவருக்குக் 'குலி பங்குனான்' என்று பெயர். அங்கே பத்திரிகையாளர்கள் தங்களைக் 'குலி திந்தா', மைக்கூலி, என்று சொல்லிக்கொள்வார்கள். ஜெர்மனியில் பால்பாயின்ட் பேனாவைக் 'குலி' என்பார்கள். அது 'குகல்ஷ்ரைபர்' என்ற நீண்ட சொல்லின் சுருக்கம், ஆனால் சுமை தூக்குபவருக்கும் அங்கே அதே சொல்தான்.

தென்னாப்பிரிக்காவில் இது பச்சையான வசைச்சொல். நேட்டாலுக்குப் போன காந்தி, தான் அங்கே 'கூலி பாரிஸ்டர்' என்று அழைக்கப்பட்டதைத் தம் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். அதே பக்கங்களில் இன்னொரு தமிழ்ச் சொல்லும் வருகிறது. அங்கே போன தமிழர்கள் பலர் ராமசாமி, முத்துச்சாமி என்று பெயர் கொண்டவர்கள். அதனால் வெள்ளைக்காரர் எல்லா இந்தியரையும் 'சாமி' என்று கூப்பிட்டார்கள், இளக்காரமாக. சூடு சொரணை உள்ள ஓர் இந்தியர், "சாமி என்றால் எசமான் என்று அர்த்தம், நான் உங்கள் எசமான் இல்லையே" என்று திருப்பிக் கேட்டால் சிலர் வெட்கப்பட்டார்களாம், சிலர் அடிக்கப் பாய்ந்தார்களாம். வைய வேண்டும் என்று முடிவெடுத்த வாய்க்கு எந்தச் சொல்லும் பொருந்தும். எசமான் என்ற சொல்லைக் கொண்டே ஆளை மட்டந்தட்ட முடிந்தவர்களுக்குக் கூலி எம்மாத்திரம்?

மொரீசியஸில் ஒப்பந்தத் தொழிலாளர் 1834 முதல் வந்திறங்கிய துறைக்கு முன்பு கூலித்துறை என்று பெயர். இன்று அது ஆப்ரவாசி காட், குடியேறியோர் துறை. 2006இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைத் தலமாக்கியது. அதே தீவின் கவிஞர் கால் தொராபுலி பெயரை மாற்றவில்லை. அந்தச் சொல்லையே கையில் எடுத்து, 'கூலித்துவம்' என்று பொருள்படும் ஒரு புதுச்சொல்லைப் பிரெஞ்சில் உண்டாக்கினார். கடல் கடந்து போனவர்களின் அனுபவத்துக்கு அதையே பெயராக்கினார். எனக்கு அவர் வழிதான் பிடித்திருக்கிறது.

இப்போது நம் மலைக்கு வருகிறேன்.

கோப்பிக் காலத்திலேயே நம் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். நடந்தவர்கள் எல்லாரும் வந்து சேரவில்லை. கோப்பியை 1869இல் பூஞ்சை நோய் பிடித்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை வைத்திருந்தார். பிறகு மலை முழுக்கத் தேயிலையாயிற்று. வந்தவர்கள் ஆள் திரட்டிய கங்காணியிடம் முன்பணம் வாங்கிக் கடனோடு வந்தார்கள். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், கடன் எவ்வளவு என்று எழுதிய 'துண்டு' வேண்டும். 1921இல் ஒழிக்கப்படும் வரை ஒரு மனிதனின் கால் எங்கே போகலாம் என்பதை அந்தத் துண்டுக் காகிதமே தீர்மானித்தது.

துரைமாரின் பேரேடுகளில் இவர்கள் எல்லாருக்கும் ஒரே பெயர்தான். எத்தனை கூலி வந்தது, எத்தனை கூலி செத்தது, எத்தனை கூலி ஓடிப்போனது. குடியிருந்த வரிசை வீடு கூலி லயன். பேசிய மொழிக்குக்கூட அதே பெயர். புதிதாக வரும் சின்னத்துரைமாருக்கு நம் மொழியைக் கற்றுக்கொடுக்க அந்தக் காலத்தில் அச்சிட்ட ஒரு கைநூலின் தலைப்பே 'கூலித் தமிழ்' என்றிருந்தது. வள்ளுவர் எழுதியதும் என் பாட்டி தாலாட்டுப் பாடியதும் அதே தமிழ்தான்.

இங்கேதான் நான் உங்கள் கவனத்தைக் கேட்கிறேன். தமிழில் கூலி என்பது கையில் வாங்குவது. வாங்குகிறவருக்குத் தனிச்சொல் இருக்கிறது. கூலியாள், கூலிக்காரர். 'கூலியாள்' என்பதில் இரண்டு பகுதி உண்டு, கூலி ஒன்று, ஆள் ஒன்று. கணக்குப் புத்தகத்துக்கு அந்த இரண்டாவது பகுதி தேவைப்படவில்லை. எவ்வளவு கொடுக்கிறோம் என்பதுதான் அங்கே கேள்வி, யாருக்கு என்பதல்ல. அதனால் ஆளை உதறிவிட்டுக் கூலியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கொடுக்கும் காசின் பெயரே மனிதனின் பெயராயிற்று. வள்ளுவரின் கூலி நிற்கும் அதிகாரத்தின் தலைப்பைப் பாருங்கள். ஆள்வினையுடைமை. அதன் முதலிலேயே ஆள் நிற்கிறது.

வெள்ளைக்காரன் செய்தது போகட்டும். நாம் என்ன செய்தோம்?

என் பிறப்புச் சான்றிதழை அண்மையில் மகளின் விண்ணப்பம் ஒன்றுக்காக எடுத்தேன். தந்தையின் தொழில் என்ற இடத்தில், அழகான சாய்ந்த கையெழுத்தில், 'கூலி' என்று இருக்கிறது. ஓர் அலுவலகத்தில், தமிழ் தெரிந்த ஒருவர், தமிழில் எழுதியது. கூலியாள் என்றுகூட இல்லை. இரண்டு எழுத்துக் கூடுதலாக எழுத அந்தப் பேனாவில் மை இருந்திருக்கும். செங்குத்தான சரிவில் நின்று கவ்வாத்துக் கத்தி பிடித்தவர் என் அப்பா. எந்தச் செடியை எந்த உயரத்தில் வெட்டினால் எத்தனை மாதத்தில் துளிர்க்கும் என்று கண்ணால் பார்த்தே சொல்வார். அது ஒரு தொழில். அதற்குத் தமிழில் பெயரும் இருக்கிறது.

நான் மட்டும் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. சில வருடங்களுக்கு முன், ஏனோதானோவென்று கட்டுரை எழுதிக்கொண்டிருந்த ஒரு பையனிடம் "கூலிக்கு மாரடிக்காதே" என்று சொல்லிவிட்டேன். ஊரெல்லாம் சொல்லும் பேச்சுத்தானே. அவன் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. காசுக்கு வேலை செய்பவர் மனசில்லாமல் செய்வார் என்று அந்தப் பழமொழி முடிவு கட்டிவிடுகிறது. காசுக்கு வேலை செய்யாதவர் யார்? நானும் சம்பளத்துக்குத்தான் படிப்பிக்கிறேன். கூலிப்படை, கைக்கூலி என்று நாளிதழ்கள் தினமும் எழுதுகின்றன. கொலை செய்தவனுக்கும் காட்டிக்கொடுத்தவனுக்கும் கொழுந்து பறித்தவளின் சொல்லையே எடுத்துக் கொடுக்கிறோம். செய்கூலி என்று நகைக்கடையில் எழுதினால் மட்டும் அது கைவேலைக்கான மரியாதையாகிறது. இதே தமிழர் வாயிலிருந்து 'தோட்டக்காட்டான்' என்றும் 'கள்ளத்தோணி' என்றும் எங்களுக்குப் பெயர் வந்தது. 1948இல் குடியுரிமை பறிபோனபோதும், 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று எங்களை எண்ணிப் பிரித்தபோதும் அந்தப் பெயர்களுக்கும் அதில் பங்கு இருந்தது. ஆளை எடுத்துவிட்டால் எண்ணிப் பிரிப்பது சுலபம்.

சிங்களத்திலும் இதற்கு ஓர் உறவு இருக்கிறது. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ தெருவில் நடந்தால் வீட்டு மதில்களில் 'குலியட்ட' என்ற பலகையைப் பார்க்கலாம். வாடகைக்கு என்று பொருள். வீட்டு வாடகை 'கெவல் குலிய'. எங்கள் பிள்ளைகள் அந்தப் பலகைகளைத் தினமும் வாசித்துக்கொண்டு பள்ளிக்கு வருகிறார்கள். அங்கே அந்தச் சொல் ஒரு வீட்டுக்குரிய பெறுமதியைச் சொல்கிறது. யாரும் அதைப் படித்துவிட்டு முகம் சுளிப்பதில்லை. ஒரே தெருவில், ஒரே வேரிலிருந்து வந்த சொல்லுக்குச் சுவரில் ஒரு மதிப்பும் சான்றிதழில் ஒரு மதிப்பும்.

இனி நான் சொல்லப்போவது எந்த அகராதியிலும் நான் படித்ததல்ல, வீட்டில் கேட்டு வளர்ந்தது. தோட்டத்தில் நாங்கள் நாள் சம்பளத்தைக் கூலி என்று சொல்வதில்லை. 'பேர்' என்போம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று, செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் பெயர் பதிந்து, சொன்ன கிலோவை எடுத்துவிட்டால் ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர். பின்னேரம் அம்மா கூடையை இறக்கி வைக்கும்போது அம்மாயி கேட்கும் முதல் கேள்வி அதுதான். "பேர் விழுந்துச்சா?" நிறுவையில் தண்ணீர்க் கழிவு, சாக்குக் கழிவு என்று இரண்டு கிலோவைத் தட்டிவிட்டால் அம்மாவின் குரல் மாறிவிடும். "அரைப்பேர்தான் போட்டாங்க." எனக்கு அப்போது ஏழெட்டு வயது. அம்மாவின் பெயரைப் பாதியாக வெட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்துக்கொள்வேன். அவர் பெயர் இங்கே வேண்டாம், நீளமான பெயர் அது. அதில் எந்தப் பாதியை எடுத்துக்கொண்டார்கள், எந்தப் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்று லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து யோசித்திருக்கிறேன்.

வளர்ந்த பிறகுதான் விளங்கியது, அந்தச் சொல்லில் எங்கள் ஆட்கள் செய்திருக்கும் காரியம். பேரேடு மனிதனுக்குக் காசின் பெயரை வைத்தது. எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் பாட்டிமார் காசுக்கு மனிதனின் பெயரை வைத்தார்கள். தினமும் செக்ரோலில் ஏற வேண்டியது தங்கள் பெயர், அந்தப் பெயருக்குத்தான் காசு என்பதை அவர்கள் மறக்க விடவில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டுக் கொன்ற கோவிந்தனின் பெயர் இன்றும் மேடைகளில் ஒலிக்கிறது. ஆயிரம் ரூபா வேண்டும் என்று வருடக்கணக்கில் தெருவில் நின்று 2021இல் அதைப் பெற்றபோதும் எங்கள் வீடுகளில் பேசியது "ஒரு பேருக்கு ஆயிரம்" என்றுதான். உங்கள் அகராதிகளில் 'பேர்' என்ற சொல்லுக்கு இந்தப் பொருள் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். நான் புரட்டியவற்றில் கிடைக்கவில்லை.

கூலி என்ற சொல்லையே பிள்ளைகளின் புத்தகத்திலிருந்து எடுத்துவிடலாமே என்று சக ஆசிரியர்கள் சிலர் சொன்னார்கள். அவர்களின் வேதனை எனக்கு விளங்குகிறது. ஆனால் அதற்கு நான் உடன்பட மாட்டேன். எடுத்தால் குறளையும் எடுக்க வேண்டும், நற்கூலியையும் எடுக்க வேண்டும், வந்தியின் பிட்டையும் எடுக்க வேண்டும். எங்களை அழைத்து இழிவுபடுத்தியதால் அந்தச் சொல் குற்றவாளி ஆகிவிடாது. அதை ஆளுக்கு வைக்காதீர்கள், ஆள் வாங்குவதற்கு வையுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். படிவங்களைத் தமிழாக்குவோரே, தொழில் என்ற இடத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளி என்று எழுதுங்கள். முடிந்தால் கொழுந்து பறிப்பவர், கவ்வாத்து வெட்டுபவர், ஸ்டோரில் (தேயிலை ஆலையில்) வேலை செய்பவர் என்று அந்தந்தத் தொழிலையே எழுதுங்கள். பழைய சான்றிதழின் பிரதி கேட்டு வருபவருக்கு அந்த ஒரு சொல்லைத் திருத்தித் தர ஒரு வழியும் செய்யுங்கள். பாடநூல் எழுதுவோரே, சொல்லின் முதற்பொருளை முதலில் போடுங்கள், அது பட்ட பாட்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தரம் பத்துப் பிள்ளைக்கு அதைத் தாங்கும் வயதுதான். அவர்கள் வீட்டில் ஏற்கெனவே தாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

உங்கள் வேலையைக் கொஞ்சம் சுலபமாக்கலாமென்று அகராதிப் பதிவு ஒன்றை நானே எழுதிப் பார்த்தேன். திருத்துவதானால் திருத்துங்கள்.

கூலி (பெயர்ச்சொல்): உழைப்புக்கு ஈடாகப் பெறுவது, ஊதியம். 'மெய்வருத்தக் கூலி தரும்' (குறள் 619). இறைவன் தரும் நற்பயனையும் குறிக்கும் (நற்கூலி). கூலி பெற்று உழைப்பவர் கூலியாள், தொழிலாளி. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் உழைப்பவரையே இச்சொல்லால் அழைக்கும் இழிவழக்குப் பல மொழிகளிலும் பரவியது. ஆளைக் குறிக்க வழங்கலாகாது. மலையகத் தோட்ட வழக்கில் நாட்கூலி: பேர்.

அன்றைக்கு வகுப்பில் இந்தப் பதிவில் பாதியைத்தான் என்னால் சொல்ல முடிந்தது, மணி அடித்துவிட்டது. கேள்வி கேட்ட பிள்ளை அதைக் கைநூலின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டாள். அச்சிட்ட விளக்கத்தை அவள் அடிக்கவில்லை, அதற்கு மேலே 1 என்று இலக்கமிட்டு 'உழைப்புக்குக் கிடைப்பது' என்று எழுதினாள். அடுத்த வருடம் அந்தக் கைநூல் அவள் தங்கையிடம் போகும்.

இப்படிக்கு,
தலவாக்கலைப் பக்கத்துத் தமிழ் ஆசிரியை